கூரைப் பெயின்ற் உரியுது, கொம்பனி "உப்புக்காத்து" எண்டுது: என்ன செய்யலாம்?

தங்கச்சி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்கும் விளங்கும்படி முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 2025 இல் வாகன இறக்குமதி திறந்த பிறகு ஏஜென்ரிடம் புதிதாக எடுத்த வெள்ளைக் கார். வீடு காரைநகரில், வேலை யாழ்ப்பாணம் ரவுனில், தினமும் கடலுக்கு மேலான பொன்னாலைப் பாலத்தால் போய்வருகிறீர்கள். இப்போது கூரையின் முன்பக்கத்திலும் பொனற்றின் நடுவிலும் கிளியர் கோற் (மேலே மினுக்கம் தருகிற நிறமில்லாப் பூச்சு) உரியத் தொடங்கிவிட்டது. கொண்டுபோய்க் காட்டினால், "இது உப்புக்காத்து, காகத்தின்ர எச்சம், வொறன்ரியில வராது. வேணுமெண்டால் ஒரு கட் அண்ட் பொலிஷ் போட்டுத் தாறம்" என்று சொல்லியிருக்கிறார்கள். வாதாடலாமா, பூசித் தந்தால் எப்படி ஏற்பது, பிறகு எப்படிப் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாதாடலாம். ஆனால் அதற்கு முதல் ஒன்று: அந்தக் கட் அண்ட் பொலிஷுக்கு (மேற்பூச்சைத் தேய்த்து மினுக்குகிற வேலைக்கு) சம்மதிக்க வேண்டாம். இலவசம் என்றாலும் வேண்டாம். உரிந்த இடத்தின் விளிம்பைத் தேய்த்து மழுப்பிவிட்டால் உங்கள் கையில் இருக்கிற ஒரே சாட்சி போய்விடும். ஜொப் கார்டில் (வேலைச் சீட்டில்) கையெழுத்தும் போட்டால், குறை சரிசெய்யப்பட்டது, வாடிக்கையாளர் ஏற்றுக்கொண்டார் என்று ஆகிவிடும். உரிந்த கிளியர் கோற்றைப் பொலிஷ் திரும்ப ஒட்டவைக்காது. அது மிச்சமிருப்பதையும் மெல்லியதாக்கும் வேலை.

தொழிற்சாலைப் பெயின்ற் எவ்வளவு மெல்லியது என்று பலருக்குத் தெரியாது. கூட்டை முழுதாகத் தொட்டிக்குள் தோய்த்து, மின்சாரம் பாய்ச்சி ஏற்றுகிற அடிப்பூச்சு ஏறக்குறைய 20 மைக்ரோன். அதற்குமேல் பிறைமர் 30, 35. நிறத்தைத் தருகிற பேஸ் கோற் 15 அளவில்தான். கடைசியாக மினுக்கம் தருகிற கிளியர் கோற் 40 தொடக்கம் 50. எல்லாம் சேர்த்து 100 முதல் 150 மைக்ரோனுக்குள் அடங்கிவிடும், ஒரு மில்லிமீற்றரில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. வெயிலின் புறஊதாக் கதிரைத் தடுக்கிற சரக்கு பெரும்பாலும் அந்தக் கிளியர் கோற்றுக்குள்தான் கலந்திருக்கிறது. வருசத்துக்கு இரண்டு தரம் மெஷினைப் போட்டு அரைத்து "புதுக் கார் மாதிரி" ஆக்குகிறவர்கள், அந்தப் பாதுகாப்பைத்தான் அரைத்துத் தள்ளுகிறார்கள்.

இனி உங்கள் கூரைக்கு வருவோம். உரிந்த விளிம்பில் நகத்தை மெதுவாக வைத்துப் பாருங்கோ. பொலித்தீன் மாதிரி மெல்லிய தகடாகக் கழருகிறதா? கழன்ற இடத்தில் கீழே இருக்கிற வெள்ளை, மட்டமாக, குழியில்லாமல், ஆனால் மினுக்கமில்லாமல் இருக்கிறதா? விரலால் தேய்த்தால் சுண்ணாம்புத் தூள்போல ஒட்டுகிறதா? அப்படியென்றால் இரண்டு பூச்சுக்கும் இடையில் பிடி விட்டுப்போயிருக்கிறது. இது உள்ளிருந்து வருகிற குறை. எச்சம் செய்கிற சேதம் வேறு மாதிரி இருக்கும். எச்சத்தில் இருக்கிற அமிலம் வெயிலில் சூடேறிய கிளியர் கோற்றைத் தின்று, விழுந்த இடத்தின் வடிவத்திலேயே ஒரு வட்டத் தழும்பை விடும். சுற்றிவர நல்லாக இருக்கும், நடுவில் மட்டும் சுருங்கியோ பள்ளமாகவோ தெரியும். சாணளவு இடம் எச்சத்தால் தகடாக உரிந்ததை நான் கண்டதில்லை.

உப்புக் கதையும் அப்படித்தான். உப்பு இரும்பின் எதிரி. கல் அடித்து இரும்பு வெளியே தெரிந்த இடத்தில், கதவின் அடிவிளிம்பில், சில்லு வளைவுக்குள், உப்பு புகுந்து கறள் ஏற்றி, கறள் பெயின்ற்றைத் தூக்கும். அப்போது கொப்புளமும் செம்மண் நிறக் கசிவும் தெரியும். உங்கள் கூரையில் கறளே இல்லை என்கிறீர்கள். பாலத்தில் காற்று பக்கவாட்டில்தான் அடிக்கிறது, தண்ணீர்த் துவாலையும் கதவிலும் அடிப்பக்கத்திலும்தான் படிகிறது. அங்கே ஒன்றும் ஆகாமல், மேலே வெயில் நேரே விழுகிற இரண்டு தட்டில் மட்டும் உரிந்தால் அதற்கு உப்பு எப்படிக் காரணமாகும்? இந்தக் கேள்வியை எழுத்தில் கேளுங்கோ. வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும்.

வெயிலால் பிடி விடுவது புதுமையும் அல்ல. ரொயோட்டாவின் 040 என்ற வெள்ளையிலும் 070 என்ற முத்து வெள்ளையிலும், தொடர்ந்து வெயில் பட்டு பிறைமருக்கும் அதன் கீழுள்ள மின்பூச்சுக்கும் இடையிலான பிடி தளருகிறது என்று அந்தக் கொம்பனியே அமெரிக்காவில் ஏற்றுக்கொண்டு, சில மொடல்களுக்கு வொறன்ரியை நீட்டித் திரும்பப் பூசிக்கொடுத்தது. ஹொண்டாவும் 2006 தொடக்கம் வந்த சில சிவிக் கார்களுக்குப் பெயின்ற் வொறன்ரியை அங்கே ஏழு வருசமாக்கியது. அவை அந்த நாட்டுக்கான ஏற்பாடு, இங்கே உங்கள் ஏஜென்ரைக் கட்டுப்படுத்தாது. ஆனால் "வெயிலில பெயின்ற் உரியிறது கொம்பனிக் குறையாய் இருக்கவே ஏலாது" என்று ஒருவர் மேசைக்குப் பின்னால் இருந்து சொன்னால், சொல்லிக்காட்ட உதவும்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. அந்தக் கார்களில் உரிதல் தெரிய வருசக்கணக்கு எடுத்தது. உங்களுடையது இவ்வளவு கெதியில் உரிகிறது. கப்பலிலோ, துறைமுகத்திலோ, யார்டிலோ கீறல் பட்ட புதுக் கார்களை, விற்க முதல் ஒரு தட்டு இரண்டு தட்டு பூசிக் கொடுப்பது உலகம் முழுக்க நடக்கிற காரியம். அவசரத்தில், சரியாகத் தேய்க்காத மினுக்கத்துக்கு மேலே அடித்த பூச்சுத்தான் இப்படி இளம் வயதிலேயே தகடாகக் கழரும். கண்டுபிடிப்பது லேசு. பெயின்ற் தடிப்பு அளக்கிற சின்ன மீற்றர் ஒன்று, வாகனம் பார்த்து வாங்கிக்கொடுக்கிறவர்களிடம் இப்போது தாராளமாக இருக்கிறது. நாலு கதவு, டிக்கி, கூரை, பொனற் என்று ஒவ்வொன்றிலும் நாலைந்து இடத்தில் வைத்து எழுதுங்கோ. எல்லாம் 110, 120 என்று ஒன்றுபோல வந்தால் தொழிற்சாலைப் பூச்சு. கதவெல்லாம் 115 ஆக இருக்க, பொனற் மட்டும் 230 என்று வந்தால், அது விற்க முதலே திரும்பப் பூசப்பட்டிருக்கிறது. அப்போது நீங்கள் வொறன்ரிப் புத்தகத்தின் விதிவிலக்குகளைப் பற்றிப் பேசவே தேவையில்லை. "புதிது என்று விற்றதில் யார், எப்போது பூசினது?" என்ற ஒரு கேள்வி போதும். அலுமினியப் பொனற் என்றால் அலுமினியத்தையும் வாசிக்கிற மீற்றர் வேண்டும், இரும்புக்கு மட்டுமான மலிவு மீற்றர் அதில் ஒன்றும் காட்டாது.

இந்தத் தட்டுகளை நீங்கள் இன்சூரன்சிலோ வெளிக் கராஜிலோ முன்பு பூசுவித்திருந்தால் மேலே சொன்னது எதுவும் எடுபடாது. இல்லை என்று எழுதியிருப்பதால் தொடர்கிறேன்.

வொறன்ரிப் புத்தகத்தை எடுத்து வாசியுங்கோ, விற்பனையாளர் சொன்னதை அல்ல. அதில் பெரும்பாலும் இரண்டு வேறு பந்திகள் இருக்கும். ஒன்று பெயின்ற் மேற்பரப்புக் குறை. மற்றது கறள் தின்று உள்ளிருந்து வெளியே ஓட்டை விழுவது. இரண்டாவதுக்குக் காலம் நீளமாக இருக்கும், முதலாவதுக்குக் குறைவு. உங்களுக்கு வேண்டியது முதலாவது. அதன்கீழ் கல்லடி, எச்சம், மரப்பால், உப்பு, இரசாயனத் தூசு எல்லாம் விலக்கு என்று போட்டிருக்கும். அதைப் பிடித்துத்தான் உங்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். (ஜப்பானில் ஓடி ரீகண்டிஷனாக வந்த கார் வைத்திருக்கிறவர்கள் இதை வாசித்து ஆசைப்பட வேண்டாம். அதற்கு விற்றவர் எழுதிக் கொடுத்த வொறன்ரி மட்டும்தான்.)

படங்கள் எடுங்கோ: தூரத்தில் இருந்து முழுத் தட்டு, கிட்டவாக உரிந்த விளிம்பு, பக்கத்தில் ஒரு ரூபாய்க் குற்றி வைத்து அளவு. கதவுத் தூணில் இருக்கிற நிறக் கோட் (நிறத்தின் குறியீட்டு இலக்கம்), மீற்றர் வாசிப்பு, ஓடின கிலோமீற்றர். எல்லாவற்றையும் ஈமெயிலில் கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பி, கிளைக்கு பிரதி போடுங்கோ. "குறை என்ன, காரணம் என்ன, வொறன்ரியின் எந்த வாசகத்தின்படி மறுக்கிறீர்கள்" என்று எழுத்தில் கேட்டால், அரைவாசிப் பேர் மறுப்பை எழுத்தில் தரவே தயங்குவார்கள். தந்தால் அதுவும் நல்லதே. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தில் வந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை, வொறன்ரிக்கு ஒத்துவராத பொருள் பற்றிய முறைப்பாட்டை 13 ஆம் பிரிவின்கீழ் விசாரிக்கலாம். முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், காலமும் கடத்தக் கூடாது. "அடுத்த மாசம் ரெக்னீசியன் வருவார்" என்று இழுப்பதற்கு இடம் கொடாதேங்கோ.

சரி, சம்மதித்துவிட்டார்கள் என்று வைப்போம். கனபேர் இந்த இடத்தில் சந்தோசப்பட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். உண்மையான பேரம் இனித்தான்.

தொழிற்சாலைப் பெயின்ற்றைக் கராஜில் திரும்பச் செய்ய முடியாது. அங்கே வெறும் கூட்டை 140 பாகைக்குக் கிட்டச் சூடாக்கி வேகவைக்கிறார்கள். ஓடின காரில் வயர், பிளாஸ்ரிக், ரப்பர் எல்லாம் இருப்பதால் பெயின்ற் பூத்தில் (பெயின்ற் அடிக்கிற மூடின அறையில்) 60 பாகையில் அரை மணித்தியாலம், அவ்வளவுதான். ஹாட்னர் (பூச்சை இறுகவைக்கிற இரசாயனம்) கலந்த கிளியர் அதற்கென்றே செய்யப்பட்டது, நல்ல கை அடித்தால் பத்து வருசமும் நிற்கும். ஆகவே முழுக் காரையும் அடித்துத் தருகிறோம் என்றால் மகிழ வேண்டாம். உரிந்த தட்டு, நிறம் சேர்க்கத் தேவையான பக்கத்துத் தட்டு, அதற்கு மேலே வேண்டாம். நல்லாக இருக்கிற தொழிற்சாலைப் பூச்சை மூடவிடுவது நட்டம்.

யார் அடிக்கப்போகிறார்கள் என்று கேளுங்கோ. ஏஜென்ரின் சொந்தப் பூத் கொழும்பில் என்றால் காரை நானூறு கிலோமீற்றர் கொண்டுபோக வேண்டும், போக்குவரத்து யாருடைய செலவு என்று முதலே பேச வேண்டும். இங்கேயே ஒரு கராஜுக்குக் கைமாற்றிக் கொடுத்தால், நேரே போய் அந்த இடத்தைப் பாருங்கோ. யாழ்ப்பாணத்தில் அருமையான கைவேலைக்காரர் இருக்கிறார்கள், பழுது அவர்களில் அல்ல. மூடின பூத் இல்லாமல், தகரக் கொட்டிலுக்குள் நிலத்துக்குத் தண்ணி தெளித்துவிட்டு அடிக்கிற இடமென்றால் மறுத்துவிடுங்கோ. சோளகம் வீசுகிற மாதங்களில் தூசு, மாரியில் ஈரம், இரண்டும் புதுக் கிளியருக்குள் போய்ச் சமாதியாகும். கொம்பிரசர் குழாயில் தண்ணி பிரிக்கிற சாமான் பூட்டியிருக்கிறதா என்றும் பாருங்கோ. அதில்லாவிட்டால் காற்றோடு போகிற நுண்துளிகள் சில மாதத்தில் கொப்புளமாக எழும்பும். ஸ்பிறே அடிக்கிற பையன் முகத்துக்கு லேஞ்சி கட்டிக்கொண்டு நின்றாலும் அங்கே கொடுக்காதேங்கோ. ஹாட்னரில் இருக்கிற ஐசோசயனேற் நுரையீரலைப் பழுதாக்கி ஆஸ்துமாவைக் கொண்டுவரும். தன் வேலையாளின் மூச்சைப் பற்றிக் கவலைப்படாத முதலாளி உங்கள் கூரையைப் பற்றிக் கவலைப்படுவார் என்று நான் நம்பவில்லை.

வேலை தொடங்க முதல் நாலு விசயம் ஜொப் கார்டில் ஏற வேண்டும். உரிந்த இடத்தை மட்டும் தேய்த்து விளிம்பை மெழுகி மேலே அடிப்பதில்லை, அந்தத் தட்டின் பிடிவிட்ட பூச்சு முழுவதையும் எடுப்பது. எந்தப் படையில் பிடி விட்டதோ அதுவரை இறங்க வேண்டும், இரும்பு தெரிந்தால் முதலில் எபொக்சி பிறைமர். அடுத்தது, கண்ணாடி ஓர ரப்பர், வைப்பர், கூரை ஓரப் பட்டி எல்லாம் கழற்றித்தான் அடிப்பது. மாஸ்கிங் ரேப் ஒட்டி அடித்தால் ரேப் நின்ற கோட்டில் ஒரு மெல்லிய படி நிற்கும், அடுத்த உரிதல் அந்தப் படியில் இருந்துதான் ஆரம்பிக்கும்.

மூன்றாவது கூரைத் தூண். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல கராஜ்களும் இங்கே குறுக்கு வழி எடுப்பார்கள். கூரைத் தகட்டுக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையில் பல கார்களில் ஒரு வாய்க்கால் ஓடுகிறது, அதற்குமேல் கறுப்புப் பட்டி. அப்படியிருந்தால் கூரையை அந்த வாய்க்காலோடு நிறுத்தலாம், ஒன்றும் தெரியாது. ஆனால் உரிதல் அந்தப் பட்டியைத் தாண்டிப் பின்தூணுக்கு இறங்கியிருந்தால் சிக்கல். தூணும் பின்பக்க மட்காட்டும் ஒரே தகடு, நடுவில் நிறுத்த ஒரு பிரிவுமில்லை. அப்போது தூணின் நடுவில் கிளியரைத் தின்னரோடு கரைத்து, பழையதுக்குள் மறைந்துபோகிற மாதிரி மெல்லிதாக்கி முடித்துவிடுவார்கள். காரை வாங்கிக்கொண்டு வரும்போது தேடினாலும் தெரியாது. ஒன்றிரண்டு வருச வெயில் பட்ட பிறகு அந்த இடத்தில் ஒரு மங்கல் கோடு வரும், பிறகு அந்தக் கோட்டில் இருந்து உரியும். நிறத்தை எங்கே வேண்டுமென்றாலும் மறைக்கலாம், கிளியர் தகட்டின் ஓரம்வரை போக வேண்டும் என்று எழுதிவையுங்கோ.

நாலாவது, நிறச் சாம்பிள். ஒரே நிறக் கோட்டிலேயே வெள்ளை நாலைந்து சாயலில் வரும். ஒரு சிறு தகட்டில் அடித்து, காய்ந்த பிறகு வெளியில் கொண்டுவந்து காரோடு வைத்துக் காட்டச் சொல்லுங்கோ. உங்களுடையது முத்து வெள்ளை என்றால் இது கட்டாயம். அதில் அடிநிறத்துக்கும் கிளியருக்கும் நடுவில் முத்துப் படை ஒன்று தனியாக வருகிறது, அது ஒரு கை கூடினாலே மஞ்சள் தட்டும்.

காரை எடுக்கும்போது காலை வெயிலில், கழுவின காரைப் பாருங்கோ, பின்னேரம் லைற் வெளிச்சத்தில் அல்ல. மீற்றரைத் திரும்ப வையுங்கோ. திரும்பப் பூசின தட்டில் 150 முதல் 300 வரைக்கும் யோசிக்க ஒன்றுமில்லை. திடீரென்று ஒரு இடத்தில் 600, 800 என்றால் கீழே பட்டி (நெளிவை நிரப்புகிற பசை) பிடித்திருக்கிறார்கள், நெளிவே இல்லாத கூரைக்குப் பட்டி எதற்கு என்று கேட்க வேண்டும். பூசினதுக்கு எவ்வளவு காலம் பொறுப்பு என்றும் எழுதி வாங்குங்கோ.

இன்னொரு கடதாசியும் வாங்குங்கோ. வொறன்ரிக் குறைக்காக இந்தத் தட்டுகளைக் கொம்பனியே பூசியது, விபத்து அல்ல என்று தலைப்புத்தாளில் ஒரு கடிதம். எங்கள் ஊரில் கார் வாங்க வருகிறவர் முதலில் விரலால் தட்டிப் பார்ப்பது கூரையைத்தான். கூரையில் பெயின்ற் என்றால் "பிரண்ட வாகனம்" என்று முடிவுகட்டி விலையைக் குறைப்பார். அந்தக் கடிதமும் வேலைக்கு முந்திய படங்களும் அந்த வாயை மூடும்.

இனிப் பராமரிப்பு. புதுப் பூச்சு தொட்டால் காய்ந்திருக்கும், உள்ளே முழுதாக இறுக மாதக் கணக்கில் போகும். முதல் ஒரு மாதத்துக்கு வக்ஸ், செரமிக் (பெயின்ற்றுக்கு மேலே போடுகிற மெல்லிய பாதுகாப்புப் படை), மெஷின் பொலிஷ் எதுவும் வேண்டாம், தண்ணியும் மென்மையான துணியும் போதும். எச்சத்தை மட்டும் ஒரு மணித்தியாலமும் விடாதேங்கோ. காய்ந்துவிட்டால் சுரண்டாமல் ஈரத்துணியைப் போட்டு ஊறவைத்து, தூக்கி எடுங்கோ.

யாழ்ப்பாணத்தில் பெயின்ற்றைக் கெடுக்கிறதில் வெயிலுக்கு அடுத்தது கிணற்றுத் தண்ணி. நிலத்துக்குக் கீழே முழுக்கச் சுண்ணாம்புக்கல், தண்ணி காய்ந்த இடத்தில் வெள்ளைப் பொட்டு. மத்தியானத்தில் சூடான பொனற்றுக்கு மேலே கிணற்றுத் தண்ணியை ஊற்றிக் காயவிட்டால் அந்தப் பொட்டு கிளியருக்குள் பதிந்துவிடும். விடியவோ பொழுதுபட்ட பிறகோ நிழலில் கழுவி, காய விடாமல் மைக்ரோபைபர் துணியால் ஒற்றி எடுங்கோ. மாரியில் பீலித் தண்ணியைப் பிடித்துவைத்தால் கடைசி அலசலுக்கு அதைவிடத் திறம் ஒன்றுமில்லை. பதிந்த பொட்டுக்கு வினாகிரியைப் பாதிக்குப் பாதி தண்ணியில் கலந்து துடைத்து, உடனே அலசலாம். சவர்க்காரத் தூளும் பாத்திரம் கழுவுகிற சோப்பும் வேண்டாம், இருக்கிற வக்ஸையும் உரித்துவிடும்.

விடிய எழும்பிக் காய்ந்த துணியால் தூசு தட்டுகிற பழக்கத்தையும் விடுங்கோ. தூசில் இருப்பது மணலும் கல்தூளும். வெயிலில் சிலந்திவலை மாதிரித் தெரிகிற வட்டக் கீறல் எல்லாம் அப்படித் தட்டித்தான் வந்தது. காற்றடிக்கிற இடத்தில் கவர் போட்டாலும் அதே கதைதான், கவருக்குக் கீழே தூசு புகுந்து நாள் முழுக்கத் தேய்க்கும். ஒரு தகரக் கொட்டில், முடியாவிட்டால் கிடுகுப் பந்தல், எந்தக் கவரையும்விடத் திறம். வேலையிடத்தில் வேம்புக்கும் மாவுக்கும் கீழே நிழல் என்று விடுகிறீர்கள்: வேம்பில் காகமும் வௌவாலும், மாவில் பூக்கிற காலத்தில் ஒட்டுகிற தேன். கட்டட நிழல் கிடைத்தால் மரத்தை விடுங்கோ.

பாலத்தால் போகிறபடியால் கிழமைக்கு ஒருமுறையாவது அடிப்பக்கத்தையும் சில்லு வளைவையும் கதவின் அடி வடிகால் துளைகளையும் நல்ல தண்ணியால் அடித்துக் கழுவ வேண்டும். அங்கேதான் உப்புக்கு உண்மையில் வேலை. ஏ9 இல் போய்வந்து பொனற் முகப்பில் கல்லடிப் பொட்டு விழுந்தால், இரும்பு தெரிகிறதோ இல்லையோ, நிறக் கோட்டைச் சொல்லி ஒரு சிறு ரச்சப் போத்தல் வாங்கி அந்தக் கிழமையே பொட்டு வையுங்கோ.

செரமிக் போடலாமா என்று கடைசியாகக் கேட்டீர்கள். ஒரு மாதத்துக்குப் பிறகு, காசிருந்தால் போடலாம். தண்ணி வழிந்தோடும், கழுவுவது லேசாகும், எச்சம் கொஞ்சம் தாமதித்துத் தின்னும். அவர்கள் சொல்கிற 9எச் என்பது பென்சிலால் கீறிப் பார்க்கிற அளவு, வைரத்தின் உறுதியோடு சம்பந்தமில்லை. ஒன்றிரண்டு மைக்ரோன் படை கல்லடியைத் தடுக்காது, கீழே பிடிவிட்ட பூச்சையும் பிடித்து வைக்காது. உரிகிற காருக்கு மேலே செரமிக் போட்டு மறைக்கலாம் என்று யாராவது சொன்னால் திரும்பி வாங்கோ. கல்லடிக்குத்தான் பயமென்றால், பொனற் முகப்புக்கு மட்டும் ஒளிபுகும் பாதுகாப்புப் பிலிம் ஒட்டுவிக்கலாம். அது 150 மைக்ரோனுக்கு மேலான தடிப்பு, உண்மையிலேயே அடி தாங்கும். அதையும் புதுப் பூச்சு நன்றாக இறுகின பிறகுதான் ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஒருநாள் பிலிமைக் கழற்றும்போது பெயின்ற்றும் சேர்ந்து வரும்.